தங்கச்சிக்கு ஏ.ஐ. சீட்டா, ஸ்டாட்டிஸ்டிக்ஸா?

கேள்வி: நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். படித்தது பி.இ. மெக்கானிக்கல், 2019-ல் முடித்தேன். அதற்கு வாங்கிய கல்விக் கடன் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சம்பளம் 22,000. அப்பா இல்லை. அம்மா செக்கிங் வேலைக்குப் போகிறார். தங்கை இந்த வருடம் பிளஸ் டூ முடித்தாள். கணிதம் 84, இயற்பியல் 78, வேதியியல் 82. ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஊரில் உள்ள அரசுப் பள்ளிதான், தமிழ் வழி. ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் பிரிவில் மேனேஜ்மென்ட் சீட் இருப்பதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். வருடத்துக்கு 1,20,000. இப்போது 25,000 கட்டினால் சீட் உறுதியாம். தங்கையோ அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சேர்கிறேன் என்கிறாள். 'அதைப் படிச்சா வாத்தியார் வேலைதான்' என்று சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள். நான் செய்த தப்பை அவளும் செய்யக்கூடாது. எது படித்தால் வேலை கிடைக்கும்?

(கடிதத்தின் அடியில் வேறு கையெழுத்தில் ஒரு வரி: 'எனக்கு கோடிங் வராது சார். அதனாலதான் ஸ்டாட்ஸ்.')

பதில்: தம்பி, முதல் காரியமாக அந்த 25,000 ரூபாயைக் கட்டாமல் இருங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

தங்கையின் கட்-ஆஃப் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. நானே போட்டுப் பார்த்தேன். கணிதம் அப்படியே 84, இயற்பியலில் பாதி 39, வேதியியலில் பாதி 41. ஆக 200-க்கு 164. இந்த மார்க்குக்குப் பொதுக் கவுன்சிலிங்கில் பெயர் பெற்ற கல்லூரியில் கம்ப்யூட்டர் பக்கம் சீட் கிடைப்பது கஷ்டம் என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். அதில் பொய் இல்லை. அவர் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2021-ல் வந்த சட்டம். இவர்களுக்குத் தனி ரேங்க் பட்டியல். இந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. உங்கள் தங்கை இந்தப் பட்டியலில் வருகிறவர். மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்த்த அன்றே அந்தச் சலுகை கையை விட்டுப் போய்விடும். கவுன்சிலிங் சீட்டில் ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கிடையாது. அவர் ஏன் இதைச் சொல்லப் போகிறார்?

முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை மட்டும் தங்கைக்குக் கிடைக்காது. அது வீட்டில் முதலில் பட்டம் வாங்குகிறவருக்கு உரியது. உங்கள் வீட்டில் அது நீங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 'எது படித்தால் வேலை கிடைக்கும்?' பதினொரு வருடம் ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் பிளேஸ்மென்ட் ஆபீசராக இருந்தேன். அந்தப் பதினொரு வருடமும் ஜூன் மாதம் ஆனால் என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து பெற்றோர் கேட்டது இதே கேள்விதான். அப்போது பதில் சொல்லியிருக்கிறேன். சம்பளம் தந்த கல்லூரிக்கு எது சாதகமோ அந்தப் பதில். இப்போது அந்தக் கட்டாயம் இல்லாததால் சொல்கிறேன்: கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். எந்த வேலைக்குப் போகலாம் என்று இரண்டு மூன்றை எடுத்துக்கொண்டு, அந்த வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் என்ன படிப்பைக் கேட்கிறார்கள் என்று அவர்கள் எழுத்திலேயே போய்ப் பாருங்கள். படிப்பிலிருந்து வேலைக்குப் போகிற பாதை புகைமூட்டமாக இருக்கும். வேலையிலிருந்து படிப்புக்குத் திரும்பி வந்தால் பாதி புகை அங்கேயே விலகிவிடும்.

எங்கள் தெருவில் ஒரு பெண். கேட்கவே அழகாக, நீளமாக ஒரு பெயர் கொண்ட பட்டப்படிப்பை முதல் வகுப்பில் முடித்தார். அரசுப் பணிக்கான எழுத்துத் தேர்விலும் தேறிவிட்டார். சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொண்டார். அறிவிக்கையில் கேட்ட பட்டம் ஒன்று, இவர் கையில் இருந்த பட்டம் வேறொன்று. இரண்டிலும் முக்கால்வாசி ஒரே பாடம்தான். ஆனால் இன்ன பட்டம் இன்ன பட்டத்துக்கு இணை என்று அரசாணை இருக்க வேண்டும். இவருடைய பட்டத்தின் பெயர் எந்த அரசாணையிலும் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு அலைந்து ஒரு கடிதம் வாங்கி வருவதற்குள் பட்டியல் வெளியாகிவிட்டது. அந்தப் பட்டத்தின் பெயரை வைத்தவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமா என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

இதே கண்ணோடு ஸ்டாட்டிஸ்டிக்ஸைப் பாருங்கள். மத்திய அரசுப் பணியாளர்களைத் தேர்வு செய்யும் எஸ்.எஸ்.சி. பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வைத் திருப்பூரிலேயே நிறையப் பேர் எழுதுகிறார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரும்பாலான பதவிகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். ஆனால் அதே அறிவிக்கையில் ஸ்டாட்டிஸ்டிகல் இன்வெஸ்டிகேட்டர் என்று ஒரு பதவி உண்டு. அதற்கு மூன்று வருடமும், அதாவது ஆறு செமஸ்டரிலும், புள்ளியியலை ஒரு பாடமாகப் படித்திருக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். இந்த ஒரு வரியால் லட்சக்கணக்கானவர்கள் எழுதும் தேர்வில் அந்தப் பதவிக்கான வரிசை சட்டென்று சின்னதாகிவிடுகிறது. பட்டத்தின் பெயரில் 'டேட்டா' இருந்தால் மட்டும் இந்த வரிசையில் நிற்க முடியாது. மார்க் ஷீட்டில் ஒவ்வொரு செமஸ்டரிலும் 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' இருக்க வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே ஜூனியர் ஸ்டாட்டிஸ்டிகல் ஆபீசர் பதவி. அதற்குப் பட்டப்படிப்பில் புள்ளியியல் படித்திருந்தால் போதும். இல்லாவிட்டால் பிளஸ் டூ கணிதத்தில் 60 சதவீதம் இருந்தாலும் ஏதாவது ஒரு பட்டத்தோடு எழுதலாம். தங்கை 84 எடுத்திருப்பதால் எந்தப் பட்டம் படித்தாலும் இந்தக் கதவு திறந்தேதான் இருக்கும்.

இதற்கு மேலே இந்தியப் புள்ளியியல் பணி. ஐ.எஸ்.எஸ். என்பார்கள். ஐ.ஏ.எஸ். தேர்வை நடத்துகிற அதே யூ.பி.எஸ்.சி.தான் இதையும் நடத்துகிறது. புள்ளியியல் படித்த பட்டதாரிகள் மட்டுமே எழுத முடியும். நம் ஊரில் ஐ.ஏ.எஸ். கோச்சிங்குக்கு இருக்கிற கூட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது என் எண்ணம். மாநில அரசில் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை இருக்கிறது; டி.என்.பி.எஸ்.சி. அதற்கு ஆள் எடுக்கிறது. எம்.எஸ்சி. வரை போனால் ரிசர்வ் வங்கியில் புள்ளியியல் பிரிவுக்கென்றே தனியாக கிரேடு பி அதிகாரிகளை எடுக்கிறார்கள்.

சொந்தக்காரர்கள் சொன்ன வாத்தியார் வேலை? வேடிக்கை என்னவென்றால், அதுதான் இந்தப் பட்டத்தில் கொஞ்சம் கஷ்டம். நம் பள்ளிகளில் கணித ஆசிரியர் இல்லாமல் நடக்காது. புள்ளியியலைத் தனிப் பாடமாக வைத்திருக்கும் மேல்நிலைப் பள்ளிகள் குறைவு, அதனால் பணியிடமும் குறைவு. தங்கைக்கு ஆசிரியர் ஆசை இருந்தால் பி.எஸ்சி. கணிதம் எடுத்து, பி.எட். படிப்பதுதான் நேர் வழி. அந்த ஆசை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. கேளுங்கள்.

தனியார் வேலைக்கு உங்கள் கம்பெனிக்குள்ளேயே வாருங்கள். ஃபைனல் இன்ஸ்பெக்ஷனுக்கு பையர் தரப்பிலிருந்து ஆள் வரும்போது கையில் ஒரு டேபிள் இருக்கும். 3,000 பீஸ் ஆர்டர் என்று வைத்துக்கொள்வோம். மூவாயிரத்தையும் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. எத்தனை பீஸ் எடுப்பது என்பதற்கான சாதாரண லெவல் இரண்டில், ஏ.க்யூ.எல். (ஏற்றுக்கொள்ளும் தர எல்லை) 2.5 என்றால், 125 பீஸை உருவி எடுக்கிறார்கள். ஏழு பீஸ் வரை பழுது இருந்தால் ஷிப்மென்ட் போகலாம். எட்டாவது பழுது வந்தால் ஃபெயில். அப்புறம் நூறு சதவீத ரீ-செக்கிங், ராத்திரி பகலாக உங்கள் அம்மாவைப் போன்றவர்கள் உட்கார்ந்து பிரித்து மடிக்க வேண்டும், ஏர் ஷிப்மென்ட் செலவு யார் தலையில் என்று நீங்கள் ஃபோனில் சண்டை போட வேண்டும்.

அந்த 125-ம் ஏழும் எங்கிருந்து வந்தன? யாரோ ஒரு பையர் மனதுக்குத் தோன்றிய எண்கள் இல்லை. ஐ.எஸ்.ஓ. 2859 என்ற தரநிலையில் உள்ள டேபிள் அது. அதன் அடியில் ஓடுவது தங்கையின் பிளஸ் டூ கணிதப் புத்தகத்தில் நிகழ்தகவுப் பரவல்கள் பாடத்தில் வரும் ஈருறுப்புப் பரவல். அதே கணக்கைப் போட்டால் ஒரு விஷயம் தெரியவரும். நூற்றுக்கு நாலு பீஸ் பழுதான லாட்கூட அந்த 125 பீஸ் சோதனையில் பத்துக்கு எட்டு, ஒன்பது தடவை பாஸ் ஆகிவிடும். நூற்றுக்கு ஆறு பழுது என்றால் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. '2.5 என்றால் நூற்றுக்கு இரண்டரைக்கு மேல் போனால் ஃபெயில்' என்று ஃப்ளோரில் பல பேர் நம்பிக்கொண்டிருப்பது சரியில்லை என்று இதிலேயே தெரிகிறது. நீங்கள் மெக்கானிக்கல் படித்ததால் குவாலிட்டி கன்ட்ரோல் பாடத்தில் இதைத் தொட்டிருப்பீர்கள், பரீட்சை முடிந்ததும் விட்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் விட்டேன்.

பனியனில் நடக்கிற இதே வேலை மருந்துக் கம்பெனியில் நடந்தால், புது மருந்தை எத்தனை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும், கிடைத்த பலன் மருந்தாலா தற்செயலா என்று சொல்ல பயோ ஸ்டாட்டிஸ்டீஷியன் வேண்டும். வங்கியில் யாருக்குக் கடன் கொடுத்தால் திரும்பி வரும் என்று கணிக்க ஆள் வேண்டும். இன்ஷூரன்ஸில் பிரீமியம் எவ்வளவு என்று தீர்மானிக்கிற ஆக்சுவரி வேலை இருக்கிறது. அதற்கு இந்திய ஆக்சுவரிகள் நிறுவனத்தின் நுழைவுத் தேர்வை பிளஸ் டூ முடித்ததுமே எழுதலாம். ஆனால் அது பல வருடப் பரீட்சை, ஒவ்வொரு தாளுக்கும் பணம். இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டுக் கசப்பான பக்கத்தையும் சொல்ல வேண்டும். பி.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸை மட்டும் முடித்துவிட்டு வந்தால் முதல் சம்பளம் உங்கள் சம்பளத்தைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். நான் மேலே சொன்ன நல்ல வேலைகளில் முக்கால்வாசிக்கு எம்.எஸ்சி. வேண்டும், அல்லது ஒரு போட்டித் தேர்வை ஜெயித்திருக்க வேண்டும். எனவே இது மூன்று வருடத் திட்டம் இல்லை, ஐந்து வருடத் திட்டம் என்று வீட்டில் இப்போதே பேசிக்கொள்ளுங்கள். மூன்றாம் வருடத்தில் 'போதும், கல்யாணம்' என்று அம்மா ஆரம்பித்தால் இந்தப் பட்டத்தின் பாதி மதிப்பு அங்கேயே போய்விடும். மாநிலக் கல்லூரி, லயோலா, தாம்பரம் கிறித்துவக் கல்லூரி என்று சென்னையில் ஸ்டாட்டிஸ்டிக்ஸுக்குப் பழைய இடங்கள் இருக்கின்றன. அதற்கும் மேலே ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ், 'ஜாம்' என்ற நுழைவுத் தேர்வில் அதற்கென்றே கணிதப் புள்ளியியல் தாள் உண்டு. கொல்கத்தாவில் மகலனோபிஸ் 1931-ல் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் எம்.ஸ்டாட். படிப்பு. அங்கே படிக்கிற காலத்தில் மாணவர்களுக்கு அவர்களே உதவித்தொகை கொடுக்கிறார்கள். நுழைவுத் தேர்வு கடினம்தான், இல்லையென்று சொல்லவில்லை.

செலவுக் கணக்கை நீங்களே போட்டிருப்பீர்கள். ஏஜென்ட் சொல்கிற சீட் நாலு வருடத்துக்கு 4,80,000. பஸ், புத்தகம், சாப்பாடு தனி. அரசுக் கலைக் கல்லூரியில் வருடத்துக்குச் சில ஆயிரத்தில் முடிந்துவிடும். ஆறிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவர் வங்கிக் கணக்குக்கே வரும். இன்ஜினியரிங் சேர்ந்தாலும் இது உண்டு. உங்கள் பழைய கடன் முடியாமல் இருக்கும்போது இன்னொரு கடனுக்கு நீங்களே கூட்டாகக் கையெழுத்துப் போடுவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் இன்ஜினியரிங்கே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் ஒரு அரசுக் கல்லூரியோ, பழைய அரசு உதவிபெறும் கல்லூரியோ கிடைத்து, பிரிவு கம்ப்யூட்டர் சயின்ஸாகவோ இ.சி.இ.யாகவோ இருந்தால், பைசா செலவில்லாத நாலு வருடம் அது. அப்போது ஸ்டாட்டிஸ்டிக்ஸோடு சமமாக வைத்து யோசிக்கலாம். பெரிய ஐ.டி. சர்வீஸ் கம்பெனிகள் காம்பஸில் எடுக்கும்போது பார்ப்பது பத்து, பன்னிரண்டு, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், ஸ்டாண்டிங் அரியர் இருக்கக்கூடாது, இவ்வளவுதான். பிரிவின் பெயர் ஏ.ஐ.யா, ஐ.டி.யா என்று அவர்கள் அலட்டிக்கொள்வதில்லை. ஃப்ரெஷர் சம்பளமும் வருடத்துக்கு மூன்றரை லட்சம் என்ற அளவிலேயே பல வருடமாக நின்றுகொண்டிருக்கிறது. ஆக, பெயருக்காக அதிகப் பணம் கொடுக்க வேண்டாம்.

ஏஜென்ட் காட்டிய நோட்டீஸில் '90 சதவீத பிளேஸ்மென்ட்' என்று நிச்சயம் போட்டிருக்கும். அந்த எண்ணைத் தயாரிக்கிற நாற்காலியில் இருந்தவன் என்பதால் செய்முறை சொல்கிறேன். ஒரு பேச்சுக்கு, கடைசி வருடத்தில் 400 பேர். அரியர் இருக்கிறவர்களைக் கழித்துவிடு. மேல்படிப்புக்குப் போகிறேன், சொந்தத் தொழில் செய்கிறேன் என்று ஒரு ஃபாரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இன்னும் சிலரைக் கழித்துவிடு. மிச்சம் 200. ஒரு கெட்டிக்காரப் பிள்ளைக்கு மூன்று ஆஃபர் வந்தால் மூன்று என்றே எண்ணு. மொத்தம் 180 ஆஃபர். 200-க்கு 180, தொண்ணூறு சதவீதம். எங்கேயும் பொய் இல்லை! உண்மையில் வேலைக்குப் போனவர்கள் 400-ல் 120 ஆக இருக்கலாம். இதில் நானும் ஃபாரத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறேன், அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. நீங்கள் கல்லூரிக்கு நேரில் போனால் சதவீதத்தைக் கேட்காதீர்கள். 'இந்தப் பிரிவில் போன வருடம் மொத்தம் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் இன்று வேலையில் இருக்கிறார்கள்?' என்று கேளுங்கள். ஏ.ஐ. பிரிவென்றால், அதை நடத்துகிற ஆசிரியர்கள் யார், போன வருடம் அவர்கள் எந்தத் துறையில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்றும் கேளுங்கள். பதில் வருகிற வேகத்திலேயே உங்களுக்குப் புரிந்துவிடும்.

இப்போது அந்தக் கடைசி வரியை எழுதிய பிள்ளைக்கு.

கோடிங் வராது, அதனால் ஸ்டாட்ஸ் என்று எழுதியிருக்கிறாய். அம்மா, காரணம் அதுவாக இருந்தால் நீ தப்பான வீட்டில் ஒளியப் போகிறாய். இன்றைக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்கிறவர் ஆர், பைத்தான் என்ற கோடிங் மொழிகளும் எக்செலும் இல்லாமல் ஒரு நாளும் ஓட்ட முடியாது. பத்து எண்ணுக்குச் சராசரி கையால் போடலாம். பத்து லட்சம் எண்ணுக்கு எப்படிப் போடுவாய்? ஆனால் ஒன்று. கம்ப்யூட்டர் சயின்ஸில் கோடிங்தான் சாப்பாடு. ஸ்டாட்டிஸ்டிக்ஸில் அது கரண்டி. கேட்க வேண்டிய கேள்வி உன்னிடம் இருக்கும், அதற்குப் பதில் எடுக்க நாலு வரி எழுதுவாய். கோடிங்கைக் கண்டு பயந்த பல பேருக்கு இப்படிக் கையில் ஒரு கேள்வியோடு உட்கார்ந்தபோது அது வந்திருக்கிறது. பள்ளியில் உனக்கு கோடிங் வரவில்லையா, இல்லை லேபில் மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்று கடைசியில் நின்றாயா? அதை யோசித்துப் பார்.

ஒரு சோதனை சொல்கிறேன். உன் அண்ணனிடம் அந்த இன்ஸ்பெக்ஷன் டேபிளை வாங்கிக்கொள். 125 பீஸ், ஏழு வரை பாஸ். நூற்றுக்கு நாலு பழுது இருந்தால் பாஸ் ஆக எவ்வளவு வாய்ப்பு என்று உன் பிளஸ் டூ சூத்திரத்தை வைத்துப் போடு. பூஜ்ஜியத்திலிருந்து ஏழு வரை எட்டு உறுப்புகளைக் கூட்ட வேண்டும், கால்குலேட்டரோடு ஒரு மணி நேரம் ஆகும். அப்புறம் ஃபோனில் எக்செலைத் திறந்து அதையே ஒரே ஃபார்முலாவில் போடு. இரண்டு விடையும் ஒன்றாக வந்ததா என்று பார். பிறகு நூற்றுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரை பழுதை மாற்றி மாற்றிப் போட்டு ஒரு வரைபடம் வரை. இதில் உனக்கு அலுப்புத் தட்டினால் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வேண்டாம், வெட்கப்படாமல் சொல்லிவிடு. 'சாம்பிளை 200 ஆக்கினால் என்ன ஆகும்?' என்று யாரும் கேட்காமலே உனக்குத் தோன்றினால், எனக்கு ஒரு வரி எழுது. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக்குத் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் புள்ளியியல் புத்தகங்கள் இருக்கின்றன, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அதையும் ஒரு வாரம் புரட்டு.

மறுபடியும் அண்ணனுக்கு. இரண்டு விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, தமிழ் வழி. ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2010-ல் வந்த சட்டம், 2020-ல் திருத்தினார்கள். அந்தப் பணிக்கு எது கல்வித் தகுதியோ அதுவரை தமிழ் வழியாக இருக்க வேண்டும் என்பதுதான் இதில் நுட்பம். பத்தாம் வகுப்புத் தகுதி கேட்கிற குரூப் 4-க்குத் தங்கைக்கு இப்போதே அந்தத் தகுதி இருக்கிறது. பட்டம் கேட்கிற குரூப் 1, குரூப் 2-க்கு வேண்டுமென்றால் டிகிரியும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். கல்லூரியில் ஆங்கில வழிக்கு மாறினால் அந்தச் சலுகை அங்கே நின்றுவிடும். நீங்கள் பார்த்து வைத்திருக்கிற கல்லூரியில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எந்த வழியில் நடக்கிறது என்று விசாரியுங்கள். டி.என்.பி.எஸ்.சி.தான் இலக்கு என்றால் தமிழ் வழி லாபம். எம்.எஸ்சி.க்கு வெளியே போவது, தனியார் வேலை என்றால் ஆங்கில வழி உதவும். இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்க வழியில்லை. என் சாய்வைக் கேட்டால், கணக்கில் நல்ல கை உள்ள பிள்ளைக்கு ஆங்கில வழி. உங்கள் வீட்டு நிலைமையில் அரசு வேலைதான் நிம்மதி என்று அம்மா நினைத்தால் அதுவும் நியாயம்தான்.

இரண்டு, தேதி. கலைக் கல்லூரிச் சேர்க்கை முதலில் வரும், இன்ஜினியரிங் கவுன்சிலிங் அதற்குப் பிறகு. இரண்டுக்கும் ஆன்லைனில் விண்ணப்பியுங்கள். இன்ஜினியரிங் கவுன்சிலிங்கை 2019-லிருந்து தொழில்நுட்பக் கல்வி இயக்ககம்தான் நடத்துகிறது. ஊரில் இன்னும் 'அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சிலிங்' என்கிறார்கள், குழம்ப வேண்டாம். விண்ணப்பம் போடத் தெரியாவிட்டால் மாவட்டத்தில் உதவி மையங்கள் இருக்கின்றன, பிரவுசிங் சென்டரில் காசு கொடுக்கத் தேவையில்லை. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைத் தலைமை ஆசிரியரிடம் இந்த வாரமே வாங்கிவிடுங்கள். 7.5-க்கும் அதுதான் சாவி, புதுமைப் பெண்ணுக்கும் அதுதான் சாவி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சீட் முதலில் கிடைத்தால் சேர்ந்துவிடுங்கள். பின்னால் கவுன்சிலிங்கில் நல்லது வந்தால் மாறலாம்; அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யூ.ஜி.சி. விதி இருக்கிறது. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் முடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் போக ஆசை வந்தாலும் எம்.சி.ஏ. இருக்கிறது, கணிதம் படித்தவருக்கு அது மூடாத கதவு.

'நான் செய்த தப்பு' என்று எழுதியிருக்கிறீர்கள். மெக்கானிக்கல் எடுத்தது தப்பு என்று நான் நினைக்கவில்லை. சேரும் முன்பு எந்த வேலைக்கு என்று யாரும் உங்களைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். தங்கையிடம் அதைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவுதானே, அந்த டேபிளை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு போங்கள். கணக்கை அவரே போடட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் கொடுக்காதீர்கள். விடை வந்ததும் எனக்கு அனுப்புங்கள்.